ரொட்டிப் பாம்பு

கலாவதி முதலில் சிரித்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பயம் பிறகுதான் வந்தது.

மகள் லக்சனா பள்ளிக்கூடத்துக்கு எழுதிய நீண்ட கட்டுரை, சுருள்கம்பி போட்டுக் கட்டியபடி, சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மத்தூரா என்கிற பள்ளி இறுதித் தேர்வுக்குச் சுவிசில் ஒவ்வொரு பிள்ளையும் இப்படி ஒன்று எழுத வேண்டும். நாற்பத்திரண்டு பக்கம், அவ்வளவும் ஜெர்மன். கலாவதி ஃப்ரிபூர்க்கில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறாள். உப்புக் குறைவு, சூடாக இருக்கிறது, படியில் கவனம் என்கிற அளவுக்கு அவளுக்கு ஜெர்மன் வரும். நாற்பத்திரண்டு பக்கத்துக்கு வராது. மத்தியான வேலை முடிந்து வந்தவள், படம் பிடித்தால் தமிழாக்கித் தருகிற செயலியைத் திறந்து, கைத்தொலைபேசியைப் பக்கத்தின் மேல் பிடித்தாள்.

முதலாம் உலகப் போரில் வியன்னா நகரத்துச் சனம் பட்ட பசி அந்தப் பேரரசை எப்படிக் கவிழ்த்தது என்பதுதான் கட்டுரை. மூன்றாம் அத்தியாயத்துக்குத் தொலைபேசி கொடுத்த தலைப்பு: ரொட்டிப் பாம்பு.

'பெண்கள் அதிகாலை இரண்டு மணி முதல் ரொட்டிப் பாம்பில் நின்றார்கள். பாம்பு வளர்ந்தது. பாம்பு பேசியது. பாம்பு பேரரசரை வீழ்த்தியது.'

வரிசைக்கும் பாம்புக்கும் ஜெர்மன்காரரிடம் ஒரே சொல்தான். அது கலாவதிக்குத் தெரியும். கடையில் காசு கொடுக்க நிற்கிற இடத்தில் தினமும் கேட்கிற சொல். ஆனாலும் தலைப்பாகை கட்டிய ஒரு ராசாவைப் பாண் றாத்தல்களால், அதாவது முழு ரொட்டிகளால், ஆன பாம்பு துரத்துவதை நினைத்து, தனியாக இருந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டிக் கடைசிக்கு வந்தாள்.

'பின்னிணைப்பு. சாட்சி க., பெண், பிறப்பு 1973, யாழ்ப்பாணம். நான் காலை ஐந்து மணிக்கு ரொட்டிப் பாம்பில் நின்றேன். என் சகோதரன் காய்ச்சலில் கிடந்தான். மருந்து உள்ளே வர அனுமதிக்கப்படவில்லை. அரை ரொட்டியுடன் நான் திரும்பியபோது அவன் இறந்திருந்தான்.'

பாம்பைத் தவிர, இந்த இடத்தில் தொலைபேசி ஒரு பிழையும் விடவில்லை.

கலாவதி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, லக்சனா தன் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கும் பாணுக்கு வரிசையில நிண்ட அனுபவம் இருக்கோ?" கலாவதி சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. தமிழில் சொன்னது தமிழுக்குள்ளேயே இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். வீட்டுக்குள் கழற்றி விட்ட செருப்பு வீட்டுக்குள்ளேயே கிடப்பது போல. அந்தத் தமிழ் இப்போது ஜெர்மனாகி, அச்சாகி, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. கலாவதி தொண்ணூற்றெட்டில் இங்கே வந்து தஞ்சம் கேட்டபோது, தம்பி மூர்த்தி காய்ச்சலில் செத்தான் என்று சொல்லவில்லை. கொழும்பில் அவள் தங்கிய லொட்ஜில் வெளிநாடு போகிறவர்களுக்கு 'கேஸ்', அதாவது தஞ்சம் கேட்கும்போது சொல்ல வேண்டிய கதை, சொல்லிக் கொடுக்கிற ஒரு மனிதர் இருந்தார். அவர் சொன்னது இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

"பசி எண்டு மட்டும் வாய் திறந்திடாதை பிள்ளை. பசிச்சு வந்தனான் எண்டால் ஒரு கோப்பை சூப்பைக் குடுத்துப்போட்டுத் திருப்பி அனுப்புவான். தம்பி செத்திட்டான் எல்லோ? பரவாயில்லை, அவனை ஆமி பிடிச்சுக்கொண்டு போனதெண்டு சொல்லு. பிறகு உன்னைத் தேடி வந்ததெண்டு சொல்லு."

பரவாயில்லை என்ற அந்தச் சொல்லை அவள் விழுங்கினாள். இரண்டு விசாரணை, ஒவ்வொன்றும் நாலு மணித்தியாலம். முன்னுக்குக் கேட்டதைப் பின்னுக்கு மாற்றிக் கேட்டார்கள். ராணுவத்தின் எந்தச் சோதனைச் சாவடி, எத்தனை பேர் வந்தார்கள், தம்பி என்ன நிறச் சட்டை. நீலம் என்றாள். முடிவில் ஒவ்வொரு தாளிலும் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தாள்கள் எங்கோ ஒரு கோப்பில், அவளுடைய பெயருக்குக் கீழே, இருபத்தாறு வருடமாகக் கிடக்கின்றன. பிடித்துக்கொண்டு போன தம்பி திரும்பி வரவில்லை, அதுதான் கேஸ். அதனால் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மூர்த்தியின் படத்துக்கு அவள் ஒருநாளும் மாலை போடவில்லை. காணாமல் போனவனுக்கு மாலை போடலாமா? திவசமும் இல்லை. அவனை எப்படிச் சொன்னாளோ அப்படியே வைத்திருந்தாள்.

பின்னேரம் கணவன் தவச்செல்வன் வந்தான். ரயில் பெட்டிகளைத் துப்புரவு செய்கிற வேலை அவனுக்கு. லக்சனாவும் வந்து சேர்ந்தாள். சாப்பாட்டில் தகப்பனும் மகளும் ஒரே பகிடி.

"பிறகு அந்த ராசாவுக்கு என்ன நடந்தது?" என்று தவச்செல்வன் புட்டைக் குழைத்துக்கொண்டு கேட்டான்.

"அடுத்த வருசம் ரயிலேறி சுவிசுக்கு வந்திட்டார் அப்பா."

"இஞ்சையோ? அட, அவரும் எங்கட ஆள். எந்த அகதிக் காம்பில விட்டவங்கள்?"

"காம்ப் இல்லை, மாளிகை."

"பாத்தியோ கலா. எனக்கு எட்டுப் பேரோட ஒரு அறை. அவர் தன்ர கேஸை ஆரிட்டை எழுதினவரெண்டு கேட்டுச் சொல்லு பிள்ளை, எங்கட சனத்துக்கு உதவும்."

கலாவதி சிரிக்கவில்லை. "உந்தக் கட்டுரையை ஆர் ஆர் வாசிப்பினம்?" என்று கேட்டாள்.

"என்ர வாத்தியார். பேந்து புள்ளி போட ரெண்டாவது ஆள் ஒராள், ஃப்ரவ் ஏபிஷர் எண்ட மனுசி. வாற வியாழன் நான் எல்லாருக்கும் முன்னால அதைப் பற்றிக் கதைக்க வேணும். நீங்களும் வாறீங்கள்தானே?"

கலாவதி குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தாள். அதன் கதவில், காந்தத்தின் கீழே, ஊராட்சி மன்றத்திலிருந்து வந்த கடிதம் இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்துக் குடியுரிமை கேட்டிருந்தார்கள். இருபத்துநாலாம் திகதி நேர்காணல். நேர்காணல் செய்கிற குழுவின் மூன்று பெயர்களும் அதில் இருந்தன. நடுவில் இருந்த பெயர் ஏபிஷர்.

"அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு எடு" என்றாள் கலாவதி.

லக்சனாவுக்கு விளங்கவில்லை. தவச்செல்வன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுரையை எடுத்து, ஒரு சொல்லும் விளங்காமல் புரட்டினான். கலாவதி சொன்னாள். அடுப்படியில் நின்று, இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

பிறகு தவச்செல்வன் கேட்டான்: "அப்ப மூர்த்தியை ஆமி பிடிக்கேல்லையோ?"

"இல்லை."

"எனக்கும் நீ அப்பிடித்தானே சொன்னனீ."

"உங்களை நான் கண்டது காம்பில. காம்பில எல்லாருக்கும் கேஸைத்தான் சொன்னனான். பேந்து மாத்திச் சொல்ல ஏலாமல் போச்சு."

அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "நொஷாட்டலில ஒருத்தருக்கு இப்பிடித்தான் எண்டு கேள்வி. பழைய பேப்பரும் புதுப் பேப்பரும் ஒத்து வரேல்லையாம். பாஸ்போட் கிடக்கட்டும், கையில இருந்த விசாக் காட்டையும் பறிச்சவங்களாம்."

"ஆர் அது? பேர் என்ன?" என்று லக்சனா கேட்டாள்.

"பேர் தெரியாது. கேள்வி."

"பேர் தெரியாத ஆள் ஒவ்வொரு ஊரிலயும் ஒருத்தர் இருக்கிறார் அப்பா."

"உனக்குப் பகிடி. நீ இஞ்ச பிறந்தனி."

லக்சனாவின் முகம் வாடிற்று. மூன்று பிரதியும் போன கிழமையே கொடுத்தாயிற்று என்றாள். சாட்சியின் பெயரை எழுதவில்லை, 'க.' என்றுதான் போட்டிருக்கிறேன் என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாய் உள்ள பிள்ளை எத்தனை பேர்?

அதன் பிறகு வந்த நாட்களைக் கலாவதி எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். சமையலறையில் இரண்டு தரம் உப்பைக் கூட்டிப் போட்டாள். தபால்காரர் மணி அடித்தால் கதவைத் திறக்காமல் நின்றாள். பேருந்தில் யாராவது தாள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அது தன்னுடைய தாள் என்று தோன்றியது. பழைய கேஸை மனத்துக்குள் மறுபடியும் பாடமாக்கத் தொடங்கினாள். சாவடி, மூன்று பேர், நீலச் சட்டை. பாடம் இன்னும் அப்படியே இருந்தது. மூர்த்தி கடைசியாகப் போட்டிருந்த சட்டையின் உண்மையான நிறம்தான் நினைவுக்கு வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விட அவளைப் பயப்படுத்திற்று.

வியாழன் பின்னேரம் பள்ளிக்கூட அறையில் இருபது பேர் அளவில் இருந்தார்கள். தவச்செல்வனுக்கு வேலை. கலாவதி மூன்றாவது வரிசையில், கதவுக்குப் பக்கமாக இருந்தாள். முன்னால், வாத்தியாருக்கு அருகே, கட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு பெண். மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னிணைப்பில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. அதுதான் ஃப்ரவ் ஏபிஷர்.

லக்சனா பேசினாள். பிள்ளை நன்றாகத்தான் பேசினாள். பாதியாவது கலாவதிக்கு விளங்கியது. போருக்குச் சில மாதம் முந்தியே வியன்னாவில் பாராளுமன்றத்தைப் பூட்டி, மூன்று வருடம் திறக்கவில்லை. கூட்டம் கூட விடவில்லை. ஆனால் பாண் வரிசையை யாராலும் பூட்ட முடியவில்லை. பெண்கள் விடிய முந்தியே வந்து நின்றார்கள். நின்றால் கதைப்பார்கள்தானே. யாருடைய பிள்ளைக்குப் பால் இல்லை, யாருடைய புருசன் போர்முனையிலிருந்து கடிதம் போடவில்லை, எந்த வண்டியில் மா எந்த வீட்டுக்குப் போயிற்று. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இருநூறு கிராம் மா என்று இருந்ததை, ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினெட்டு தை மாதம் நூற்றறுபத்தைந்தாக வெட்டினார்கள். தொழிற்சாலைகள் நின்றன. லீவில் வந்த சிப்பாய்கள் தங்கள் பிள்ளைகளின் கைகால்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போனவர்களுக்குச் சண்டையில் மனம் இல்லை.

"பேரரசர் எல்லாருக்கும் தகப்பன் என்று அந்தச் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்" என்றாள் லக்சனா. "சாப்பாடு போடாத தகப்பனோடு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அவரைத் தகப்பன் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். கார்த்திகை மாதம் அவர் கையெழுத்து வைத்து ஒதுங்கியபோது, அவருக்காக வீதியில் இறங்க அவருடைய சனத்தில் ஆளில்லை."

கை தட்டினார்கள். பிறகு கேள்விகள்.

ஃப்ரவ் ஏபிஷர் மஞ்சள் தாள் இருந்த பக்கத்தைத் திறந்தார். "ஒரு வரலாற்றுக்காரி கேட்க வேண்டிய கேள்வி இது. வியன்னாவுக்கு உங்களிடம் நாட்குறிப்பு இருக்கிறது, காவல்துறை அறிக்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு இருப்பது ஒரே ஒரு சாட்சி. இவர் சொல்வது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருபத்தாறு வருடத்துக்கு முந்திய அதே கேள்வி. அதே சொற்கள் கூட. கதவு இரண்டு அடி தூரத்தில் இருந்தது.

லக்சனா தாயைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் படுகிற பாட்டைக் கலாவதி கண்டாள்.

"உண்மையாக இல்லாமல் இருக்கலாம்" என்றாள் லக்சனா. குரல் மெலிந்திருந்தது. "சாட்சி பிழையாக நினைவு வைத்திருக்கலாம். கனகாலம் ஆகிவிட்டது. அந்தச் சகோதரனைப் பற்றிய பகுதி… அது வேறு யாருக்கோ நடந்ததாகவும் இருக்கலாம். அதை நான் சேர்த்திருக்கக் கூடாது."

பிள்ளை தாயைக் காப்பாற்றினாள். நீங்களும் நானும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஃப்ரவ் ஏபிஷர் தலையை ஆட்டி, பென்சிலை எடுத்து, பின்னிணைப்பின் குறுக்கே ஒரு கோடு போடத் தொடங்கினார். கலாவதி விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இருபத்துநாலாம் திகதி மூன்று பேரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு போய், பாடமாக்கியதைச் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்.

ஆனால் அந்தப் பென்சில் மூர்த்தியின் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை அவளே அவனுடைய சாவை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாள். இப்போது அவளுடைய மகளின் வாயால் அவன் சாகவே இல்லை என்றாகிறது.

"இல்லை" என்றாள் கலாவதி. எழுந்து நின்றதை அவள் உணரவில்லை. தன்னிடம் இருந்த சமையலறை ஜெர்மனை எல்லாம் கூட்டி எடுத்தாள். "வேற ஆளுக்கு இல்லை. என்ர தம்பி. க. நான். நான் பாண் எடுத்துக்கொண்டு வந்தனான். அவன் செத்துப்போனான். நெருப்புக்காய்ச்சல். பாண் சூடு."

அறை திரும்பிப் பார்த்தது. லக்சனா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஃப்ரவ் ஏபிஷர் பென்சிலை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியென்றால் உங்களிடமே கேட்கிறேன்" என்றார் மெதுவாக. "வியன்னாவின் பசி பேரரசரை விழுத்தியது. உங்கள் பசி ஏன் ஒருவரையும் விழுத்தவில்லை?"

கலாவதி யோசித்தாள். இதற்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஜெர்மன் வராத இடத்தில் தமிழில் சொன்னாள். லக்சனா அதை ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னாள்.

"அந்த ராசா அவையின்ர ராசா. அவற்ற சொந்தச் சனம் அவற்ற வாசலில பசியில நிண்டது. எங்கட பசி கனதூரம். மருந்துக்கும் மாவுக்கும் தடையைப் போட்டவைக்கு எங்களைத் தெரியாது. அவையின்ர வரிசை எங்கட வரிசை இல்லை. நாங்கள் விழுத்தேல்லை. நாங்கள் வெளிக்கிட்டு வந்தனாங்கள்."

ஃப்ரவ் ஏபிஷர் போட்ட கோட்டை அழிறப்பரால் அழித்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு, நடைவழியில் அவர் கலாவதியிடம் வந்தார். மகளுக்கு நல்ல புள்ளி கிடைக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருபத்துநாலாம் திகதி நான் அந்த அறையில் இருக்க முடியாது. உங்கள் மகளின் தேர்வாளர் நான். அதைச் சொல்லி விலகிக்கொள்வேன். இங்கே கேட்டதைப் பற்றி அங்கே பேச மாட்டேன். ஆனால் மற்ற இருவரிடமும் உங்கள் கோப்பு இருக்கிறது, ஃப்ரவ் கலாவதி. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதையும் நான் வாசித்தவள்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கூடக் கலாவதிக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இருபத்துநாலாம் திகதி ஊராட்சி மன்றத்தில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். தவச்செல்வன் போய்ப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். லக்சனா ஐந்து நிமிடம். கலாவதியிடம் முதலில் குப்பையை எந்தக் கிழமையில் வைப்பது, இந்தக் கன்ரோனில், அதாவது மாநிலத்தில், உள்ள ஏரிகள் எவை, பக்கத்து வீட்டாரோடு எப்படி என்று கேட்டார்கள். சரியாகவே சொன்னாள். பெரியவர், வயல்வேலையில் சிவந்த கைகள் உள்ள ஒரு கமக்காரர், படிவத்தைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "உடன்பிறந்தவர்கள்?"

சாவடி, மூன்று பேர், நீலச் சட்டை. நாக்கின் நுனியில் எல்லாம் தயாராக இருந்தன.

"ஒரு தம்பி" என்றாள். "தொண்ணூற்றைந்து, மார்கழி. காய்ச்சலில செத்தவன். வயசு பத்தொன்பது."

அவர் எழுதினார். எழுதிவிட்டு நிறுத்தினார். கோப்பின் பின்பக்கத்துக்குப் போய், பழுத்த தாள்களில் தேடினார். மற்றவரும் சாய்ந்து பார்த்தார்.

"இங்கே வேறு விதமாக இருக்கிறது."

"ஓம். அது பிழை. அந்தப் பிழையைச் சொன்னது நான்தான்."

"ஏன்?"

"பசிக்கு ஒருத்தரும் காட் குடுக்க மாட்டினம் எண்டு சொன்னவை" என்றாள்.

கமக்காரர் பேனையை வைத்தார். வெளியே இருக்கும்படி சொன்னார். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

வெளியே மர வாங்கில் இருவரும் காத்திருந்தார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் லக்சனா ஒதுங்கி இடம் விட்டாள். கதவுக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது, சொற்கள் பிடிபடவில்லை.

"கேட்டவையோ?" என்றான் தவச்செல்வன்.

"கேட்டவை."

"சொன்னனியோ?"

"சொன்னனான்."

அவன் நெற்றியைத் துடைத்தான். மூன்று பேருடைய வாழ்க்கையும் அந்தக் கதவுக்குள் இருந்தது. அவன் ஏசுவான் என்று கலாவதி காத்துக்கொண்டிருந்தாள். அவன் கதவைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"மார்கழியில எத்தினையாம் திகதி?" என்று கேட்டான்.